மேஜர் ஆடாத ஒரு புரோவிடம் மேஜர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொரு வயதில் ஓசூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூர் போய், அடுத்தவர் கோல்ஃப் பையைத் தூக்க ஆரம்பித்தேன். இருபத்து மூன்று வயதில் புரோ, அதாவது பரிசுப் பணத்துக்கு ஆடும் ஆட்டக்காரன், ஆனேன். 24 வருடம் நாடு முழுக்கப் போட்டி ஆடினேன். இப்போது கிருஷ்ணகிரி அணைக்குப் போகும் வழியில் நாலு ஏக்கர் மாந்தோப்பு, அதன் ஓரத்தில் வலை கட்டின ஒரு சின்னப் பயிற்சி இடம். டீக்கடை, மண்டி, கல்யாண வீடு என்று எங்கே போனாலும் கேட்பது இதே பத்துப் பன்னிரண்டு கேள்விதான். "எழுதிக் கொடுங்க பெரியப்பா, கேக்கிறவங்களுக்கு அனுப்பிடலாம்" என்றாள் தம்பி மகள். எழுதிவிட்டேன்.

நீங்க மேஜர் ஆடியிருக்கீங்களா?

இல்லை.

கோல்ஃபில் மேஜர் என்பது வருடத்துக்கு நாலு பெரிய போட்டி. ஏப்ரலில் அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ், மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப், ஜூனில் யுஎஸ் ஓபன், ஜூலையில் கடல் தாண்டி பிரிட்டன் பக்கம் தி ஓபன். ஓபன்தான் மூத்தது, 1860இல் தொடங்கியது. கடைக்குட்டி மாஸ்டர்ஸ், 1934. மாஸ்டர்ஸ் மட்டும் வருடா வருடம் ஒரே மைதானத்தில் நடக்கும், மற்ற மூன்றும் ஊர் ஊராகச் சுற்றும். பெண்களுக்குத் தனியாக ஐந்து மேஜர் உண்டு. நான் ஆடினது நம் நாட்டு டூர், அதாவது ஊர் ஊராக நடக்கும் தொடர் போட்டிகள். அதுபோக சில தடவை இந்தியன் ஓபன். அவ்வளவுதான்.

அப்புறம் எந்தத் தகுதியில மேஜர் பத்திப் பேசறீங்க?

நியாயமான கேள்வி. என் மாமனாரும் இதைத்தான் கேட்டார்.

மாஸ்டர்ஸ் தவிர மற்ற மூன்று மேஜரிலும் 156 பேர் இறங்குவார்கள். ஜெயிப்பது ஒருவர். டிவி காட்டுவது பத்துப் பேரை. மிச்சமிருக்கும் நூற்றுச் சொச்சம் பேரை எனக்கு நன்றாகத் தெரியும். முகம் தெரியாது, வயிற்றுக்குள் என்ன ஓடும் என்பது தெரியும். எந்த நாட்டில் ஆடினாலும் அது ஒன்றுதான்.

மைக்கேல் பிளாக் என்று ஒருவர். கலிஃபோர்னியாவில் ஒரு கிளப்பில் வாத்தியார் வேலை. பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் வருடா வருடம் 20 இடம் இப்படிப்பட்ட கிளப் வாத்தியார்களுக்கு ஒதுக்குவார்கள். 2023இல் ஓக் ஹில் மைதானத்தில், 46 வயதில், அந்த இடத்தில்தான் உள்ளே வந்தார். கடைசி நாள் முன்னணி ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராயோடு ஜோடி. ஒரு சுற்றுக்கு 18 ஹோல். அதில் 15ஆவது ஹோலில் டீயிலிருந்து, அதாவது ஹோல் ஆரம்பிக்கும் இடத்திலிருந்து, அடித்த பந்து கிரீனில், குழியைச் சுற்றியுள்ள புல்தரையில், உருளக்கூட இல்லை, நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. சமமாக 15ஆவது இடத்தில் முடித்தார். அன்றைக்கு நான் தோப்பில் கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடிவிட்டது.

கட், கட்னு சொல்றாங்களே, அது என்ன?

இதை நிதானமாகச் சொல்கிறேன். கட் புரியாவிட்டால் பெரிய போட்டி எதுவும் புரியாது.

போட்டி வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு நாள். மொத்தம் எத்தனை அடி அடித்தோம் என்பதுதான் ஸ்கோர், குறைவாக அடித்தவன் முன்னால். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிட்டத்தட்டப் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதுதான் கட். மாஸ்டர்ஸில் முதல் 50 இடம் தங்கும், யுஎஸ் ஓபனில் 60, மற்ற இரண்டிலும் 70. அந்தக் கடைசி இடத்தில் எத்தனை பேர் சமமாக நின்றாலும் அத்தனை பேரும் உள்ளே. அதற்கு ஒரு அடி கூடப் போனவன் வெளியே. சாம்பியன் யார் என்பது ஞாயிற்றுக்கிழமை விஷயம். மீதிப் பேருக்குப் போட்டி என்பதே வெள்ளிக்கிழமைதான்.

1990களின் நடுவில் டெல்லியில் ஒரு பெரிய போட்டி. லோதி காலத்து நினைவிடங்களும் புதரும் மயிலும் நிறைந்த அந்த மைதானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பந்து போக வேண்டிய புல் பாதையான ஃபேர்வே நம் ஊர் வண்டித்தடம் மாதிரி குறுகல். தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு இரும்பு மட்டையால்தான் பல ஹோலை ஆரம்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை எனக்குக் காலை ஆட்டம். மதியம் ஒரு மணிக்கு முடித்தேன். இரண்டு நாளும் சேர்த்து 146, அதாவது பார் என்று மைதானத்துக்கு வகுத்திருக்கும் அடிக் கணக்குக்கு 2 அதிகம். அந்த வாரம் முதல் 65 இடம் உள்ளே.

ஒரு மணியிலிருந்து ஐந்தரை வரை ஸ்கோர் போர்டுக்கு எதிரே ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பொட்டலம் நிலக்கடலை. அதைத் தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. போர்டில் ஒருவர் ஏணி மேல் நின்று நம்பரை மாற்றிக்கொண்டே இருந்தார். கட் 2 என்று வரும், 1 ஆகும், திரும்ப 2 ஆகும். வெயில் இறங்கும்போது கணக்கு இப்படி நின்றது: 1 அல்லது அதற்குக் கீழே 64 பேர். 65ஆவது இடம் எங்களுடையது. 2இல் நிற்பவர்கள் பதினேழு பேரும் உள்ளே.

கடைசி ஹோலில் ஒரு பையன் மட்டும் பாக்கி. அல்சூர் பையன், நம் தமிழ்ப் பையன். அவனும் 2இல்தான் நின்றான். பார் எடுத்தால் அவனோடு சேர்த்து எல்லோரும் உள்ளே. பாரை விட ஒரு அடி குறைவாக, அதாவது பேர்டி, எடுத்தால் அவன் 65ஆவது ஆள், நாங்கள் பதினாறு பேரும் வெளியே. பதினைந்தடி தூரத்திலிருந்து குழிக்கு உருட்ட வேண்டிய பட். அடித்தான். பந்து குழி விளிம்பில் ஒரு நொடி யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது.

அவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நேரே என்னிடம் ஓடி வந்து, "அண்ணா, கட் தாண்டிட்டேன்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கினேன். கடலைப் பொட்டலத்தையும் அவனிடமே கொடுத்தேன். ராத்திரி பெங்களூர் ரயில், இரண்டு இரவு.

ரயிலில் அந்தப் பையனின் பட் ஞாபகம் வரவே இல்லை. 16ஆவது ஹோலில் நான் விட்ட மூன்றடி பட்தான் வந்துகொண்டே இருந்தது.

பெரிய போட்டியில பயமா இருக்குமா?

"எல்லாப் போட்டியும் ஒன்றுதான் என்று நினைத்து ஆடுவேன்" என்று பேட்டியில் சொல்பவர்களை நம்பாதீர்கள். பேட்டிக்காகச் சொல்வது.

என் அனுபவத்தில் பெரிய போட்டியில் மாறுவது ஆட்டம் இல்லை. பந்து அதே பந்து, குழி அதே நாலேகால் அங்குலம். மாறுவது காத்திருப்பு. கணக்குப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 70 அடி, ஓர் அடிக்கு இரண்டு விநாடி. மூன்று நிமிடம்கூட வராது. ஆனால் மைதானத்தில் இருப்பது நாலரை, ஐந்து மணி நேரம். மிச்ச நேரம் முழுக்க நடப்பதும் நிற்பதும், முன்னால் ஆடுகிறவன் நகரக் காத்திருப்பதும்தான். அந்த நேரத்தில்தான் மனசு தறி கெட்டு ஓடும்.

முதலிடத்தில் இருப்பவன் பாடு இன்னும் மோசம். கடைசி நாள் அவனுக்கு ஆட்டமே மதியத்துக்கு மேல்தான். காலையில் விழித்தவன் அதுவரை என்ன செய்வான்? 2022 மாஸ்டர்ஸில் ஸ்காட்டி ஷெஃப்லர் முன்னிலையில் இருந்தவர். ஞாயிறு காலையில் குழந்தை மாதிரி அழுதேன் என்று ஜெயித்த பிறகு அவரே சொன்னார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

நீங்க பார்த்ததிலேயே மறக்க முடியாத மேஜர் எது?

2009 ஓபன், ஸ்காட்லாந்தின் டர்ன்பெரி. ஜெயித்தவர் ஸ்டூவர்ட் சிங்க். யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா? எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது தோற்ற டாம் வாட்சனைத்தான்.

வாட்சனுக்கு அப்போது 59 வயது. ஓபனை ஏற்கனவே ஐந்து தடவை ஜெயித்தவர். இடுப்பு எலும்பு மாற்று அறுவை சிகிச்சை செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாலாவது நாள், கடைசி ஹோல், மொத்தத்தில் 72ஆவது. பார் எடுத்தால் போதும், கோப்பை அவருடையது. 8ஆம் நம்பர் இரும்பு மட்டையால் அடித்தார். சுத்தமான அடி. கிரீனில் விழுந்த பந்து நிற்காமல் ஓடி, பின்பக்கம் இறங்கிவிட்டது. அங்கிருந்து பட் போடும் மட்டையான பட்டராலேயே தட்டினார், குழியைத் தாண்டிப் போனது. அடுத்த பட், எட்டடி இருக்கும், பலவீனமாக விலகியது. சிங்க்கோடு சமமாகிவிட்டது. அதன் பிறகு யார் ஜெயிப்பது என்று முடிவு செய்ய நாலு ஹோல் பிளே-ஆஃப். அதில் அவர் ஆட்டத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. கால் ஓய்ந்துவிட்டது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எனக்கு அந்த 8 இரும்பு அடியைத் திரும்பத் திரும்பப் பார்க்கப் பிடிக்கும். அதில் ஒரு குறையும் இல்லை. மட்டை, காற்று, தூரம் எல்லாம் சரி. தரைதான் அன்றைக்குக் கெட்டி. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். நன்றாக ஆடத் தெரிந்தவளுக்கும் சில நாள் கூடம் நிஜமாகவே கோணல்தான்.

வயசானா ஆட்டத்துல எது முதல்ல போகும்?

தூரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தூரம் குறையும், உண்மைதான். எனக்கு 45 வயதில் 20 கஜம் போய்விட்டது. ஆனால் அதற்கு வேறு மட்டை எடுத்துச் சமாளிக்கலாம். முதலில் துரோகம் செய்வது குட்டி பட். மூன்றடி, நாலடி. முப்பது வருடம் யோசிக்காமல் தட்டினதை ஒரு நாள் யோசிக்க ஆரம்பிப்பீர்கள், அன்றோடு சரி. மணிக்கட்டு தானாக உதறும். யிப்ஸ் என்பார்கள். எங்கள் பசங்க வைத்த பெயர் 'கரண்ட்'. "அண்ணனுக்குக் கரண்ட் வந்துடுச்சு" என்றால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு இளவயதிலேயே இந்தத் தொல்லை. பட்டரின் தண்டை இடது முன்கையோடு சேர்த்து வலது கையால் இறுக்கிப் பிடித்தெல்லாம் ஆடிப் பார்த்தார், அப்புறம் நீளப் பட்டருக்கு மாறினார். இத்தனைக்கும் நடுவில் 1985, 1993 என்று இரண்டு மாஸ்டர்ஸ் ஜெயித்தார். அங்கே ஜெயித்தவர்களுக்கு ஆயுசு முழுக்க அழைப்பு உண்டு. 2025இல் 67 வயதில் கடைசியாக வந்தார். வெள்ளிக்கிழமை 18ஆவது ஹோலில் போகி, அதாவது பாரை விட ஒரு அடி அதிகம். கட் 2, அவர் 3. ஒரே அடியில் வெளியே. சமாதானமாகச் சிரித்துக்கொண்டுதான் போனார். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அம்பது வயசுல மேஜர் ஜெயிக்க முடியுமா?

ஒரே ஒருவர். ஃபில் மிக்கெல்சன், 2021 பிஜிஏ சாம்பியன்ஷிப், கியாவா தீவு. அதுவும் 7,800 கஜத்துக்கு மேல் நீளமான மைதானம். அதற்கு முன் 1968இல் ஜூலியஸ் போரோஸ் 48 வயதில் ஜெயித்ததுதான் 53 வருடமாகச் சாதனையாக நின்றது. ஜாக் நிக்லாஸ் 1986இல் மாஸ்டர்ஸ் ஜெயித்தபோது 46, டைகர் வுட்ஸ் 2019இல் 43. வயதானவர்கள் ஜெயித்தால் நான்கு நாள் எனக்கு முட்டி வலி தெரியாது.

கேடி வேலைன்னா என்ன? போலீஸ்ல பிரச்சினையா?

சிரிக்காதீர்கள், இது நிஜமாகவே வந்த கேள்வி. கேட்டது என் பெண்டாட்டி வீட்டார்.

நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் போட்டோ ஒட்டியிருக்கும் ஆள். தர்மபுரிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் என் சித்தப்பா பெருமையாக, "பையன் பெங்களூர்ல சின்ன வயசுல இருந்தே கேடிங்க, இப்பதான் அதுல இருந்து முன்னுக்கு வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டார். மாமனார் பலகாரத் தட்டைத் திரும்ப உள்ளே எடுத்துப் போகச் சொன்னார். அதைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆனது.

கேடி என்பவர் பையைத் தூக்குபவர் மட்டும் இல்லை. எத்தனை கஜம், காற்று எந்தப் பக்கம், கிரீன் எங்கே சரிகிறது என்று சொல்பவர். மட்டையை எண்ணுபவரும் அவர்தான். ஒரு பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. 2001 ஓபனின் கடைசி நாள், இயன் வூஸ்னம் முதல் ஹோலில் பேர்டி அடித்து முன்னிலைக்குச் சமமாக வந்துவிட்டார். இரண்டாவது டீயில் அவருடைய கேடிக்கு அப்போதுதான் தெரிகிறது, பையில் 15 மட்டை. பயிற்சிக்கு எடுத்த இன்னொரு டிரைவர் உள்ளேயே இருந்திருக்கிறது. இரண்டு அடி அபராதம். கடைசியில் சமமாக மூன்றாவது இடம். இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து முதல் டீக்குப் போவதற்கு முன் மட்டையை இரண்டு தடவை எண்ணுவேன். இப்போது தோப்புக்கு மருந்தடிக்கப் போகும்போதுகூடச் சாமான்களை எண்ணுகிறேன்.

அட்டை விஷயத்திலும் அப்படித்தான். கோல்ஃபில் நம் ஸ்கோரைக் கூட ஆடுபவர் எழுதுவார், நாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 1968 மாஸ்டர்ஸில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆவது ஹோலில் எடுத்தது 3. அட்டையில் விழுந்தது 4. கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். கூடுதலாக எழுதப்பட்டது அப்படியே நிற்கும் என்பது விதி. அந்த ஒரு அடியில் பிளே-ஆஃப் வாய்ப்பே போயிற்று. தவறை எழுதியவரை அவர் குறை சொல்லவில்லை, தன் முட்டாள்தனம் என்றுதான் சொன்னார். அன்று அவருக்குப் பிறந்த நாள் வேறு.

நம்மாளுங்க யாராவது மேஜர்ல நல்லா ஆடியிருக்காங்களா?

ஆடியிருக்கிறார்கள், ஜெயித்ததில்லை. மாஸ்டர்ஸில் ஆடிய முதல் இந்தியர் ஜீவ் மில்கா சிங், 2007. ஓட்டக்காரர் மில்கா சிங்கின் மகன். 2008 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் சமமாக 9ஆவது. அதே போட்டியில் 2015இல் அனிர்பன் லாஹிரி சமமாக 5ஆவது. 2023 ஓபனில் சுபங்கர் சர்மா சமமாக 8ஆவது.

எனக்கு நெருக்கமாகப் படுவது வேறு பட்டியல். டெல்லியில் பை தூக்கின அலி ஷேர் 1991, 1993 இந்தியன் ஓபனை ஜெயித்தார். பெங்களூரில் பை தூக்கின முனியப்பா 2009இல் ஜெயித்தார். கொல்கத்தாவில் புல் பராமரிப்பவரின் மகன் சௌராசியா 2016, 2017 இரண்டு வருடமும் ஜெயித்தார். மெம்பர்கள் போகும் வாசல் வழியாக உள்ளே வராதவர்கள் இவர்கள்.

பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கையும் சொல்லியே ஆக வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. விடியற்காலையிலேயே டிவி முன்னால் உட்கார்ந்தோம். கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத என் அம்மா, "அந்தப் பொண்ணு குழியில போட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு அடியில் வெண்கலம் போனது, நாலாவது இடம். சாயங்காலம் நீரஜ் சோப்ரா ஈட்டியில் தங்கம் வாங்கினதும் ஊர் அதை மறந்துவிட்டது. அம்மா மட்டும் அடுத்த வாரமும் கேட்டார்.

பணம் நிறைய வருமா?

அவர்களுக்கு வரும். 2025 மாஸ்டர்ஸ் ஜெயித்த மெக்கில்ராய்க்கு 42 லட்சம் டாலர், நம் பணத்தில் 35 கோடிக்கு மேல். எங்கள் காலத்தில் இங்கே கட் தாண்டாவிட்டால் பைசா கிடையாது. நுழைவுக் கட்டணம், ரயில், ரூம், கேடிக்கூலி எல்லாம் கையிலிருந்து. என் பெண்டாட்டியின் செயின் அடகுக் கடைக்குப் போய் வந்த தடவைகள் நான் பேர்டி அடித்த தடவைகளை விடக் கொஞ்சம்தான் குறைவு.

என் பையனைக் கோல்ஃப்ல சேக்கலாமா? கிருஷ்ணகிரியில முடியுமா?

பிடிப்பு வருகிறதா என்று பார்க்க என் வலைக்கு அனுப்புங்கள், காசு வேண்டாம். பழைய 7 இரும்பு நாலைந்து அறுத்துக் குட்டையாக்கி வைத்திருக்கிறேன். பிடித்துப்போனால் பிறகு பெங்களூர்தான். ஓசூர் தாண்டி வாரத்துக்கு இரண்டு தடவையாவது போய் வர வேண்டும், அத்திப்பள்ளி டிராஃபிக்கையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். படிப்பை நிறுத்திவிட்டுச் சேர்க்கிறேன் என்று வருகிற அப்பாக்களை மட்டும் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மேஜரை எப்போ பார்க்கிறது?

மாஸ்டர்ஸ் நமக்குத் திங்கள் விடிகாலை நாலரை வாக்கில் முடியும். ஓபன் ஞாயிறு ராத்திரி தூங்கப் போவதற்குள் முடிந்துவிடும், குடும்பஸ்தனுக்கு அதுதான் வசதி. ஆனால் நான் சொன்னால் வெள்ளிக்கிழமை பாருங்கள், அதுவும் கடைசி ஒரு மணி நேரம். முன்னிலையில் இருப்பவனை விட்டுவிட்டு, கட் கோட்டில் நிற்பவனின் கையைப் பாருங்கள்.

வருத்தம் ஏதாவது உண்டா?

அந்த டெல்லி வெள்ளிக்கிழமையைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அல்சூர் பையனை ஒரு ஏர்போர்ட்டில் பார்த்தேன். ஆட்டத்தை விட்டுவிட்டு பெங்களூரில் கோச்சிங் கொடுத்துக்கொண்டிருந்தான். தலையில் பாதி நரை. பேச்சுவாக்கில், அன்றைக்கு நீ போட்ட பதினைந்தடி பட் என்னோடு சேர்த்துப் பதினாறு பேரை ஊருக்கு அனுப்பியது தெரியுமா என்று கேட்டேன்.

"எந்தப் பட்ணா?" என்றான்.

18ஆவது ஹோல், சாயங்காலம், கடலை எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பட் ஞாபகம் வரவில்லை. "அந்த வாரம் கடைசி இடம்ணா. வந்த பணம் ரூம் வாடகைக்கே சரியாப் போச்சு. ஆனா கடலை குடுத்தீங்களே, அது ஞாபகம் இருக்கு" என்றான். அப்புறம் எழுந்து போய் இரண்டு காபி வாங்கிக்கொண்டு வந்தான். ஏர்போர்ட் காபி, ஒன்று நூற்றைம்பது ரூபாய். என்னைக் காசு எடுக்க விடவில்லை.